"சும்மா சுளுக்கு"ன்னு ஒண்ணு கிடையாது

1/
"ஒண்ணுமில்லப்பா, சும்மா சுளுக்கு. எண்ணெய் போட்டு நீவிட்டு நாளைக்கு டூட்டிக்கு வந்துடு."

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் லோடு ஏத்துறவங்க, டிரெய்லர் ஓட்டுறவங்க, கான்ட்ராக்ட்ல வேலை பாக்கறவங்க எல்லாருக்கும் பழகின வசனம். இந்த வசனத்தில் எல்லாமே தப்பு. ஏன்னு சொல்றேன், பொறுமையா படிங்க.

2/
சுளுக்குன்னா "நரம்பு பிசகிடுச்சு"ன்னு நம்மாளுங்க சொல்வாங்க. நரம்புக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. எலும்பையும் எலும்பையும் சேர்த்துக் கட்டி வச்சிருக்கிற நார்தான் லிகமென்ட். டிரெய்லர் கேபின்ல இருந்து குதிக்கும்போதோ, ஈரமான தளத்தில் வழுக்கும்போதோ பாதம் உள்பக்கமா மடங்கினா, கணுக்காலோட வெளிப்பக்க நார் தாங்காம கிழியுது. அங்கே எதுவும் பிசகல, கிழிஞ்சிருக்கு.

3/
இதுல மூணு நிலை இருக்கு.
முதல் நிலை: நார் இழுபட்டு லேசா கிழிஞ்சிருக்கும். 1 முதல் 3 வாரம்.
இரண்டாம் நிலை: பாதி கிழிசல், நல்ல வீக்கம், ரத்தக்கட்டு. 3 முதல் 6 வாரம்.
மூன்றாம் நிலை: முழுசா அறுந்திருக்கும். மாசக்கணக்கில் ஆகும்.
சிலருக்கு முழுசா அறுந்தா வலி கம்மியாகூட இருக்கும். வலியை மட்டும் வச்சு காயத்தை எடை போடாதீங்க.

4/
இப்ப நீவுற விஷயம். கிழிஞ்ச துணியைப் பிடிச்சு இழுத்தா ஒட்டுமா? முதல் சில நாள் அழுத்தி நீவுறது, "டக்"னு சத்தம் வர்ற வரைக்கும் இழுத்து விடுறது, சூடு ஒத்தடம் எல்லாம் ரத்தக்கசிவையும் வீக்கத்தையும் கூட்டும். உள்ளே எலும்பு உடைஞ்சிருந்தா நிலைமை இன்னும் மோசம்.

மூங்கில் பத்தை வச்சு இறுக்கிக் கட்டினதுக்கு அப்புறம் விரல் நீலமாகுது, மரத்துப் போகுது, வலி ஏறிக்கிட்டே போகுதுன்னா, காலை வரைக்கும் காத்திருக்கக் கூடாது. கட்டை உடனே தளர்த்திட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. ரத்த ஓட்டம் சில மணி நேரம் நின்னாலே கால் போயிடும்.

5/
எக்ஸ்ரே எப்ப வேணும்? கனடாவோட ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992-ல் எளிமையான விதிகள் வகுத்தாங்க. அடிபட்டப்பவும், ஆஸ்பத்திரிக்கு வந்தப்பவும் 4 அடி எடுத்து வைக்க முடியலைன்னா எக்ஸ்ரே. கணுக்கால் முட்டி எலும்போட பின்விளிம்பையோ நுனியையோ அழுத்தினா வலிக்குதுன்னா எக்ஸ்ரே. பாதத்தோட நடு வெளி ஓர எலும்பும் நடு உள் ஓர எலும்பும் அப்படித்தான்.

ஆனா எக்ஸ்ரேல எலும்புதான் தெரியும், லிகமென்ட் தெரியாது. "எக்ஸ்ரே நார்மல்"னா காயமே இல்லைன்னு அர்த்தமில்லை.

6/
முழங்கால்ல "டப்"னு சத்தம், ரெண்டு மணி நேரத்துக்குள்ள வீக்கம், நடக்கும்போது கால் மடங்கிப் போகுதா? உள்ளே இருக்கிற முக்கிய லிகமென்ட் அறுந்திருக்கலாம். எலும்பு மருத்துவரைப் பாருங்க.
குழந்தைங்க விழுந்து மூட்டு வீங்கினா சுளுக்குன்னு நீங்களே முடிவு பண்ணாதீங்க. அவங்க எலும்போட வளர்ச்சித் தட்டு லிகமென்ட்டை விட பலவீனம், அதுதான் முதல்ல உடையும்.

7/
சரி, என்ன செய்யணும்? காலை உயர்த்தி வைங்க. அளவான இறுக்கத்தில் கிரேப் பேண்டேஜ். துணியில் சுத்தின ஐஸ் 15-20 நிமிஷம், வலி குறையும். காசிமேடு இருக்கிற ஊர்ல ஐஸுக்கா பஞ்சம்? எலும்பு உடையலைன்னு உறுதியானா, தாங்குற அளவுக்கு மெதுவா நடக்க ஆரம்பிங்க. அப்புறம் ஒத்தைக் கால்ல நின்னு பேலன்ஸ் பயிற்சி. இதை விட்டுட்டா அதே கால் திரும்பத் திரும்ப மடங்கும், வருஷங்கள் கழிச்சு மூட்டு தேயும்.

8/
இதெல்லாம் தெரிஞ்சும் ஏன் யாரும் செய்றதில்லை? அறியாமை மட்டும் காரணமில்லை. நாள் கூலிக்காரருக்கு 3 வாரம் ஓய்வுன்னா 3 வாரம் அடுப்பு எரியாது.

வடசென்னையில மெஷின்ல கை மாட்டினவங்களுக்காக டாக்டர் ஆர். வெங்கடசாமி 1970-களில் ஸ்டான்லியில் கை அறுவை சிகிச்சைப் பிரிவை வளர்த்தெடுத்தார். இந்தியா முழுக்க அதுக்குப் பேரு. விரல் துண்டானா ரத்தம் கண்ணுக்குத் தெரியுது, எல்லாரும் ஓடி வர்றாங்க. லிகமென்ட் தோலுக்குள்ளே அறுந்தா ரத்தம் வெளியே சொட்டாது. அதனால அது யாருக்கும் விபத்தாவே தெரியறதில்லை.

9/
இங்கேதான் "சும்மா சுளுக்கு" யாருக்கு லாபம்னு பாக்கணும்.

இஎஸ்ஐ உள்ள தொழிலாளிக்கு வேலையில அடிபட்டு, விபத்து நாள் போக குறைஞ்சது 3 நாள் வேலை செய்ய முடியலைன்னு மருத்துவர் சான்று கொடுத்தா, குணமாகி வேலைக்குத் திரும்புற வரைக்கும் சராசரிச் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கணும். அதையே "வீட்ல வழுக்கி விழுந்தேன்"னு எழுதினா சாதாரண நோய் விடுப்புதான்: 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரைதான்.

சூப்பர்வைசர் ரெஜிஸ்டர்ல எழுதாம விட்ட அந்த ஒரு வரியோட விலை இது. இஎஸ்ஐ இல்லாதவங்களுக்கும் வேலையில் அடிபட்டா முதலாளி இழப்பீடு தரணும்னு இந்தியாவில் 1923-லேயே சட்டம் வந்தாச்சு.

10/
எங்க மருத்துவர்களுக்கும் சொல்றேன். ஒரு வலி ஊசி போட்டு "ஒண்ணுமில்ல"ன்னு அனுப்பினா, அந்த ஒத்தை வார்த்தையை வச்சே அவரை நாளைக்கு வேலைக்கு இழுப்பாங்க. எப்போ, எங்கே, என்ன வேலை செய்யும்போது அடிபட்டதுன்னு கேளுங்க. சீட்டுல "லிகமென்ட் காயம்"னு எழுதுங்க, எத்தனை நாள் ஓய்வுன்னும் எழுதுங்க.

11/
தொழிலாளத் தோழர்களே, கால் மடங்கின அன்னைக்கே விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லிக் கேளுங்க. கூட இருந்தவர் பேரையும் குறிச்சு வைங்க. வீக்கத்தை செல்லுல போட்டோ எடுங்க. "சுளுக்குக்கு எல்லாம் எழுதுவாங்களா?"ன்னு யாராவது சிரிச்சா, கிழிஞ்சது உங்க கால், அவர் கால் இல்லை.

லோடு ஏத்துற அண்ணன், கம்பெனிக்குப் போற தம்பி யாராவது உங்க வீட்ல இருந்தா இதை அனுப்பி வைங்க.