நான்கு படங்கள், நான்கு கற்கள்

சாதியையும் வறுமையையும் பேசும் இந்தியத் திரைப்படங்கள் பெரும்பாலும் அவற்றின் வசனங்களைக் கொண்டே மதிப்பிடப்படுகின்றன. ஆனால் பின்வரும் நான்கு படங்களில் வசனத்தைவிட ஒரு கல்லே அதிகம் பேசுகிறது. அந்தக் கல் எங்கே சென்று விழுகிறது என்பதில் ஒவ்வொரு படத்தின் அரசியலும் அடங்கியிருக்கிறது.

அங்குர் (இந்தி, 1974): ஷியாம் பெனகலின் முதல் முழுநீளக் கதைப்படம். வாய்பேச இயலாத கிஷ்டய்யாவை நிலக்கிழாரின் மகன் சாட்டையால் அடிக்கிறான். இறுதியில் ஒரு சிறுவன் அவ்வீட்டுச் சன்னல்மீது கல்லெறிய, திரை சிவக்கிறது. துணிச்சலான முடிவுதான். எனினும் குற்றவாளி தெலங்கானாக் கிராமத்து வீட்டுக்குள் இருக்கிறான். நகரத்துப் பார்வையாளர் அச்சிறுவனின் பக்கம் நின்றுகொள்வது எளிதாகிவிடுகிறது.

ஃபன்றி (மராத்தி, 2013): அந்த எளிமையை நாக்ராஜ் மஞ்சுளே பறித்துவிடுகிறார். பன்றி பிடிக்கும் குடும்பத்தை ஊர் கூடி நின்று எள்ளி நகையாடுகிறது. படம் பார்ப்பவரும் அதே வேடிக்கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஜப்யா எறியும் கல் நேராகக் கேமராவை நோக்கி வருகிறது. ஆயினும் அக்கணத்தோடு படம் முடிந்துவிடுவதால், அதிர்ச்சி கைத்தட்டலாக மாறிவிடும் ஆபத்தும் உண்டு.

கோர்ட் (மராத்தி, 2014): மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடைசெய்யும் சட்டம் 2013இல் நிறைவேறியது. அதற்கு அடுத்த ஆண்டு வெளிவந்த சைதன்ய தம்ஹானேயின் இப்படத்தில், சாக்கடைக் குழியில் இறந்த தொழிலாளியின் மனைவி சாட்சிக் கூண்டில் நிற்கிறார். குழிக்குள் சிறு கல்லைப் போட்டு, கரப்பான்பூச்சிகள் வெளிவருகின்றனவா என்று பார்த்த பிறகே கணவர் இறங்குவார் என்கிறார். அவரிடமிருந்த பாதுகாப்புக் கருவி அதுவே. வழக்கறிஞர்களின், நீதிபதியின் அன்றாடத்துக்குள் தயங்காமல் நுழையும் கேமரா, அப்பெண்ணின் அன்றாடத்துக்குள் மட்டும் செல்வதில்லை. நீதிமன்றத்தின் பாராமுகத்தைப் படமும் ஓரளவு பகிர்ந்துகொள்கிறது.

கூழாங்கல் (தமிழ், 2021): ராட்டர்டாமில் டைகர் விருது பெற்ற பி.எஸ். வினோத்ராஜின் படம். குடிகாரத் தந்தையோடு வெயிலில் நடக்கும் சிறுவன், தாகத்தை ஏய்க்கக் கூழாங்கல்லை வாயில் போட்டுக்கொள்கிறான். வீடு திரும்பி அதை வைக்கும் இடத்தில் ஏற்கெனவே பல கற்கள் கிடக்கின்றன. இந்த நடை முதன்முறையன்று என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

கருத்தரங்குகளில் அதிகம் பேசப்படுபவை எறியப்பட்ட முதலிரு கற்களே. கோபத்தைப் பாராட்டுவதில் பார்வையாளருக்கு இழப்பேதும் இல்லை. பின்னிரு கற்கள் எவர்மீதும் எறியப்படுபவை அல்ல. ஒன்று மூச்சுக்காக, மற்றொன்று தண்ணீருக்காக. பார்த்தவர் கைத்தட்டி முடித்துக்கொள்ள அவற்றில் இடமில்லை. அதனாலேயே அவை இன்னும் கடுமையான அரசியல் காட்சிகள்.