தகடூர்ப் பெண்ணும் ஆய்வகச் சாவியும்

2001ஆம் ஆண்டில், பண்டைத் தகடூராம் தருமபுரி மாவட்டத்தில் அரசு தொட்டில் வைத்தது. பெண்ணாய்ப் பிறந்த குற்றத்துக்காகக் கொல்லப்படும் சிசுக்களைக் காக்க 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம், அவ்வாண்டில்தான் இம்மாவட்டத்துக்கும் விரிந்தது. அந்த ஆண்டு இங்கே பிறந்து, கள்ளிப்பாலுக்குத் தப்பி, அரசுப் பள்ளியில் பயின்று, இயற்பியலில் முதுகலைப் பட்டமும் பெற்ற பெண்ணொருத்திக்கு இப்போது முனைவர் பட்ட ஆய்வில் நுழையும் அகவை. ஒரே தலைமுறைக்குள் இம்மண் கடந்து வந்திருக்கும் தொலைவு சிறிதன்று. ஆயினும் அப்பெண் இன்னும் பதினைந்து ஆண்டில் ஒரு பல்கலைக்கழகத்தின் சோதனை இயற்பியல் பேராசிரியராய், தன் பொறுப்பில் ஓர் ஆய்வகம் நடத்துவாளா என்று வினவினால், உண்மை பேசும் எவரும் ஆம் என்றுரைக்கத் தயங்குவர்.

படிக்க வரும் பெண்கள் குறைவு என்று இனிச் சொல்லித் தப்ப இயலாது. 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 68.5 விழுக்காட்டு எழுத்தறிவோடு தமிழகத்தின் கடைசி மாவட்டமாக நின்றது தருமபுரி. பெண்களுள் எழுதப் படிக்க அறிந்தோர் ஏறத்தாழப் பத்துக்கு ஆறு பேரே. அத்தகைய மாவட்டத்திலேயே, காரிமங்கலத்து அரசு மகளிர் கல்லூரி முதல் தருமபுரி அரசு கலைக் கல்லூரி வரை, பெண்கள் இன்று பட்ட வகுப்புகளை நிறைக்கின்றனர். மாநில அளவில் உயர்கல்விக்குரிய அகவையினருள் நூற்றுக்கு 47 பேர் கல்லூரியில் இருப்பதாக 2021-22ஆம் ஆண்டின் அனைத்திந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பு கூறிற்று. நாட்டின் சராசரி 28. அரசுப் பள்ளியில் பயின்று கல்லூரி புகும் மாணவிக்கு 2022 செப்டம்பர் முதல் புதுமைப்பெண் திட்டம் திங்கள்தோறும் ஆயிரம் ரூபாய் வழங்குகிறது. பாராட்டத்தக்க ஏற்பாடுகள்தாம். ஆனால் இவை பெண்ணைக் கல்லூரி வாயில் வரை கொண்டு சேர்ப்பவை. ஆய்வக வாயில் வேறு.

கோட்பாட்டு இயற்பியலாளருக்குத் தாளும் எழுதுகோலும் கணினியும் பெரும்பாலும் போதும். சோறு வேகும் நேரத்திலும் சமன்பாட்டை மனத்தில் உருட்டிக்கொண்டிருக்கலாம். சோதனை இயற்பியல் அதற்கு இடந்தராது. நல்ல படிகம் வளர வாரங்கள் ஆகும். வெற்றிடக் கலத்திலிருந்து காற்றை வெளியேற்றுவதிலேயே ஒரு பகல் கழியும். திரவ நைட்ரஜன் தீருமுன் அளவீட்டை முடித்தாக வேண்டும். தில்லியின் முடுக்கி மையத்திலோ இந்தூரின் ஒத்தியங்கு கதிர்வீச்சுக் கூடத்திலோ கருவி நேரம் ஒதுக்கப்பட்டால், அந்தச் சில நாள்களில் முறைவைத்து இரவெல்லாம் விழித்திருக்க வேண்டும். தவறவிட்டால் அடுத்த வாய்ப்பு எப்போதோ. கருவி பழுதுற்றால் திருப்புளி எடுத்துத் தானே பிரித்துப் பார்க்க வேண்டும். ஆக, அறிவும் உழைப்பும் மட்டும் இத்துறைக்குப் போதா. இடமும் இரவும் வேண்டும், அறுந்துபோகாத ஆண்டுகளும் வேண்டும். நம் சமூகம் பெண்ணுக்குத் தர மறுப்பவை இவையே. சோதனை என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. இத்துறைப் பெண்டிர் இரண்டையும் நன்கறிவர்.

அன்னா மணியின் வரலாற்றை இங்கு நினைவுகூர்தல் தகும். 1918இல் திருவிதாங்கூரைச் சேர்ந்த பீர்மேட்டில் பிறந்து, சென்னையில் இயற்பியல் பயின்று, 1940இல் உதவித்தொகை பெற்றுப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சி. வி. ராமனின் ஆய்வகத்துக்குச் சென்றவர் அவர். வைரமும் மாணிக்கமும் ஒளியை எவ்வாறு ஏற்று எவ்வாறு உமிழ்கின்றன என்பது அவர் எடுத்துக்கொண்ட பொருள். வைரத்தின் ஒளிர்வு மிக மங்கலானது. அதன் நிறமாலையைப் படத்தகட்டில் பதிக்கப் பதினைந்து, இருபது மணி நேரம் தகட்டை ஒளிக்குக் காட்ட வேண்டியிருந்தது. ஆகவே இரவுகளை ஆய்வகத்திலேயே கழித்தார். மாணவரும் மாணவியரும் கலந்து பழகுவதை ராமன் விரும்பியவரல்லர். ஆராய்ச்சியில் பாதி, உடன் பயில்வோரோடு வாதிடும் பேச்சில்தான் பிறக்கிறது என்பதை அறிந்தோர்க்கு அந்த இழப்பின் அளவு புரியும். அவ்வளவிலும் 1942க்கும் 1945க்கும் இடையில் தம் பெயரில் மட்டுமே ஐந்து ஆய்வுக் கட்டுரைகளை வெளியிட்டார்.

1945 ஆகஸ்டில் ஆய்வேட்டை அளித்தார். அக்காலத்தில் அக்கழகத்து ஆய்வாளருக்குப் பட்டம் வழங்கும் இடத்தில் இருந்தது சென்னைப் பல்கலைக்கழகம். முதுகலைப் பட்டம் இல்லை என்று கூறி அது முனைவர் பட்டத்தை மறுத்தது. ஆனர்ஸ் பட்டம் பெற்றவர் என்பதும், அந்தத் தகுதியைக் கொண்டே ஆய்வுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்பதும் எடுபடவில்லை. விதியென்றால் விதிதானே என்பார் இன்றும் உளர். விதியை ஏற்போம், ஐந்தாண்டு வேலை வாங்கிய பின்னர் அதை நினைவுகூர்ந்த நேரத்தைத்தான் ஏற்க இயலவில்லை.

அதன் பின் அயல்நாட்டுக் கல்விக்கு அரசு உதவித்தொகை கிடைத்தபோது, வானிலைக் கருவியியலுக்கே இடம் இருந்தது. இலண்டன் சென்று அதையே கற்றார். 1948இல் திரும்பி இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார். ஏறத்தாழ நூறு வானிலைக் கருவிகளுக்கு வரைபடங்களைச் செம்மை செய்து, அவற்றை இந்நாட்டிலேயே ஆக்குவதற்கு வழி வகுத்தார். 1976இல் துணைத் தலைமை இயக்குநராக ஓய்வு பெற்றார். கதிரொளியையும் காற்றையும் நாடெங்கும் அளந்து அவர் தொகுத்த நூல்கள் இன்றும் அத்துறைக்கு அடித்தளம். வானிலைத் துறைக்கு வாய்த்தது பெரும்பேறு. ஆனால் இந்தியப் பல்கலைக்கழகம் எதுவும் அவரை இயற்பியல் பேராசிரியராகப் பெறவில்லை. அவரிடம் பயின்றிருக்க வேண்டிய மாணவியர், அம்மாணவியரிடம் பயின்றிருக்க வேண்டியோர் என ஒரு வழிமரபே தோன்றாது போயிற்று. பட்டம் பெறாத அந்த ஆய்வேடு ராமன் ஆய்வுக் கழகத்தின் நூலகத்தில் இருக்கிறது. தருமபுரியிலிருந்து பேருந்தில் ஏறினால் அரைநாளுக்குள் சென்று காணலாம்.

கருவி இல்லாமையால் நேர்ந்த இழப்புக்கு விபா சௌத்ரி சான்று. கொல்கத்தாவில் டி. எம். போஸுடன் சேர்ந்து, டார்ஜிலிங், சந்தக்பூ மலையுச்சிகளில் ஒளிப்படத் தகடுகளை மாதக்கணக்கில் வைத்து, அண்டக் கதிர்கள் அவற்றில் இட்ட தடங்களைப் பயின்றவர் அவர். எலக்ட்ரானைப் போல் ஏறத்தாழ இருநூறு மடங்கு நிறையுள்ள துகளை அத்தடங்களில் கண்டு, 1940களின் தொடக்கத்தில் நேச்சர் இதழில் இருவரும் எழுதினர். அளவீடு துல்லியமாக, மேலும் உயர்ந்த தகடு வேண்டும். போர்க்காலம், தகடு கிடைக்கவில்லை, ஆய்வு நின்றது. உயர்ந்த தகடு கிடைத்த இங்கிலாந்தின் சி. எஃப். பவலுக்கு 1950இல் நோபல் பரிசு சென்றது. விபா பின்னர் 1949இல் மும்பை டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தின் முதல் பெண் ஆய்வாளரானார், நம் அண்டையிலுள்ள கோலார் தங்கச் சுரங்கத்து ஆய்வுகளிலும் பங்கு கொண்டார், 1991இல் மறைந்தார். 2019இல் தொலைவிலுள்ள ஒரு விண்மீனுக்கு விபா என்று பெயர் சூட்டப்பெற்றது. விண்மீனுக்குப் பெயரிடுவது, உரிய காலத்தில் தகடு வாங்கித் தருவதைவிட எளிது போலும்.

இவை பழங்கதைகள் என்று ஒதுக்குவதற்குமில்லை. 1958இல் தொடங்கிய சாந்தி சுவரூப் பட்நாகர் பரிசு, இயற்பியல் பிரிவில் முதன்முதலாக ஒரு பெண்ணைச் சென்றடைய 60 ஆண்டு ஆயிற்று. 2018இல் அதைப் பெற்ற அதிதி சென் தே கோட்பாட்டாளர். ஆய்வகத்தில் ஒற்றை ஒளித்துகள்களைக் கையாளும் பெங்களூரு ஊர்பசி சின்ஹாவுக்கு, பெயரும் அமைப்பும் மாறிய அப்பரிசு 2024இல்தான் கிட்டியது.

இரவைப் பற்றிச் சொன்னோம். 2024 ஆகஸ்டில் கொல்கத்தாவின் மருத்துவக் கல்லூரி ஒன்றில், பணியிலிருந்த இளம் பெண் மருத்துவர் கொடுமைக்கு உள்ளாகிக் கொல்லப்பட்டார். அவ்வாண்டு டிசம்பரில் சென்னையின் பல்கலைக்கழக வளாகமொன்றுக்குள்ளேயே மாணவி ஒருவர் வன்கொடுமைக்கு ஆளானார். பெற்றோரின் அச்சத்தைப் பழைமை என்று எள்ளுவோர் இவற்றை மறந்து பேசுகின்றனர். ஆனால் அச்சத்துக்கு நம் நிறுவனங்கள் காணும் மருந்து எது? கொல்கத்தா நிகழ்வுக்குப் பின் மேற்கு வங்க அரசு, பெண்களுக்கு இரவுப் பணியை இயன்றவரை தவிர்க்குமாறு அறிவுறுத்தியது. பாதுகாப்புத் தருவது அரசின் கடமை, பெண்ணை விலக்குவது தீர்வாகாது என்று உச்ச நீதிமன்றம் அதைக் கண்டித்தது. மகளிர் விடுதிகள் பொழுது சாயும்முன் கதவடைப்பதும் அதே மருந்துதான். குற்றம் செய்பவன் வெளியே உலவ, அளவீட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு ஆய்வாளர் உள்ளே செல்கிறார். மறுநாள் காலை வெற்றிட எக்கியை மீண்டும் முதலிலிருந்து இயக்க வேண்டும். ஈராண்டில் முடியும் வேலை நான்காண்டு இழுக்கிறது. அதற்குள் வீட்டில் மாப்பிள்ளை பார்த்துவிடுகின்றனர்.

இனி இடம். 1907இல் பெர்லினுக்கு வந்த இயற்பியலாளர் லிசே மைட்னருக்கு, வேதியியல் நிறுவனத்தின் அடித்தளத்தில் தச்சர் பட்டறையாயிருந்த ஓர் அறையே ஒதுக்கப்பட்டது; பக்கவாட்டு வழியாக வந்து போக வேண்டும், மேல்மாடிக் கூடங்களில் கால் வைக்கலாகாது. கழிப்பறை வேண்டின், அருகிலிருந்த உணவகத்துக்குச் செல்வார். நூறாண்டுக்கு முந்திய செருமானியக் கதைதானே என்று முறுவலிக்குமுன், நம் கல்லூரி அறிவியல் கட்டடங்களில் பெண்களுக்கான கழிப்பறை எந்தத் தளத்தில், எந்நிலையில் இருக்கிறது என்று ஒருமுறை சென்று பார்ப்பது நலம்.

பணியிடங்களின் நிலை தனிக்கதை. அரசுப் பணியில் பெண்களுக்கு 1989 முதல் 30 விழுக்காடு ஒதுக்கிய மாநிலம் இது. 2021இல் அதை 40 ஆக உயர்த்துவதாக அறிவித்தது. ஆனால் நிரப்பப்படாத இடத்தில் எத்தனை விழுக்காடு ஒதுக்கி என்ன? 2024 மார்ச்சில் அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு 4,000 உதவிப் பேராசிரியர் தேவை என ஆசிரியர் தேர்வு வாரியம் அறிவித்தது. குறித்த நாளில் தேர்வு நடைபெறவில்லை. இடைக்காலமெல்லாம் கல்லூரிகளைத் தாங்கி நிற்பவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள். ஆண்டுக்குப் பதினொரு மாதமே ஊதியம். பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் திங்களுக்கு 50,000 ரூபாய் வரை என வகுத்தது. இங்கே நெடுங்காலம் அதில் பாதிகூடக் கிட்டவில்லை. கௌரவம் என்னும் சொல் இவ்வளவு மலிந்த இடம் வேறில்லை. முனைவர் பட்டம் பெற்ற பெண்ணொருத்தி முப்பது அகவையில் இவ்வேலையில் அமர்ந்தால் ஆய்வுக்கான நிதி கேட்டு விண்ணப்பிக்கவும் அவளுக்கு நிலையான முகவரி இல்லை. நிரந்தரப் பணியிலுள்ள அரசு ஊழியருக்கு 2021 முதல் ஓராண்டு மகப்பேற்று விடுப்பு உண்டு. ஆய்வு மாணவியருக்கு 240 நாள் விடுப்பையும், ஆய்வேட்டை முடிக்கக் கூடுதலாக ஈராண்டையும் மானியக் குழு விதிகள் அளிக்கின்றன. விடுப்பு உண்டு, சரி; அக்காலத்தில் கருவியை ஓட்டிக்கொண்டிருக்கப் பயிற்சி பெற்ற ஆய்வக உதவியாளர் எங்கே?

பணி இடைவெளி கண்ட பெண்களுக்கென நடுவண் அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை 2002-03இல் தொடங்கிய பெண் அறிவியலாளர் திட்டம் பலரை மீட்டது உண்மை. ஆயினும் அது சில ஆண்டுத் திட்டம். முடிவில் பதவி இல்லை. நிலையான பதவி பெற்றவர்க்கும் வாரம் 16 மணி நேரப் பாடவேளை, தேர்வுப்பணி, தாள் திருத்தல் எல்லாம் போக, ஆராய்ச்சிக்கு எஞ்சுவது மாணவர் செய்முறை வகுப்பின் நிறமாலைமானியும் பூட்டிய இருட்டறையும். 2019இல் ஐதராபாத் பல்கலைக்கழகத்தில் கூடிய இயற்பியலாளர்கள், இத்துறையில் பாலினச் சமன்மைக்கென ஒரு சாசனம் வகுத்தனர். தமிழகத் துணைவேந்தர்தம் மேசைகளில் இருக்க வேண்டிய ஏடு அது.

அவ்வைக்கு அதியமான் நெல்லிக்கனி ஈந்த மண் என்று தருமபுரியில் மேடைதோறும் முழங்குகிறோம். அதே அதியமான் அவ்வையைத் தொண்டைமானிடம் தூது அனுப்பினான் என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை. கனி அன்பின் கொடை. தூது அரசின் பொறுப்பு. நாட்டின் போரும் அமைதியும் ஒரு புலமைப் பெண்ணின் நாவில் ஒப்படைக்கப்பட்டன. திங்கள்தோறும் ஆயிரம் ரூபாயைத் தரும் அரசு, அந்த இரண்டாவது செயலையும் செய்ய வேண்டும் என்கிறோம்.

அது எட்டாக் கனியுமன்று. பைசுஅள்ளியில் பெரியார் பல்கலைக்கழகத்தின் முதுநிலை விரிவாக்க மையம் உள்ளது. சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி நான்கு மாவட்டக் கல்லூரிகளின் இயற்பியல் ஆசிரியர்களும் ஆய்வு மாணவியரும் பொதுவில் பயன்படுத்தத்தக்க கருவிக்கூடம் ஒன்றை அரசு அங்கே நிறுவட்டும். அதன் பொறுப்பு நிலையான பதவியிலுள்ள ஒருவரிடம் இருக்கட்டும். அப்பதவியின் தேர்வில், மகப்பேற்றுக்கும் குழந்தை வளர்ப்புக்கும் சென்ற ஆண்டுகளைக் குறையாகக் கணக்கிடாதிருக்கட்டும். ஆய்வு மாணவியர்க்கு அதே வளாகத்தில் விடுதி வேண்டும். விடுதிக்கும் கூடத்துக்கும் இடையே விளக்கும் காவலும் வேண்டும். கூடத்தின் சாவி ஆய்வு செய்யும் மாணவியின் கையிலேயே இருக்க வேண்டும். நள்ளிரவில் மின்சாரம் போனாலும் வெற்றிட எக்கி நின்றுவிடாதபடி ஒரு மின்னாக்கியும் வேண்டும்.