பொய்முடிக்குப் புள்ளி போட்டவர்கள்

1973ஆம் ஆண்டின் நியூயோர்க் இசைத்தட்டு வியாபாரத்தைச் சித்திரித்த ‘வைனில்’ தொலைக்காட்சி நாடகம் 2016 பெப்ரவரியில் எச்.பி.ஓ. அலைவரிசையில் ஆரம்பமானது. அதன் படைப்பாளிகளுள் மார்ட்டின் ஸ்கோர்செஸியும் மிக் ஜாகரும் அடங்குவர். பத்து அங்கங்களோடு, அதே ஆண்டு ஜூனில் அது கைவிடப்பட்டது.

இரசிகர் பலர் கண்ட குறை என்ன? டேவிட் போவியாக வந்தவர் போவியைப் போல இல்லையாம். எல்விஸாக வந்தவரும் அப்படித்தானாம். மேர்சர் கலைக்கூடம் இடிந்தபோது அங்கே கச்சேரியே நடக்கவில்லையாம்.

மெய்தான். 1973 ஓகஸ்ட் 3ஆம் திகதி மாலை அக்கட்டடம் சரிந்தபோது கச்சேரி எதுவும் நடக்கவில்லை. ஆனால் நால்வர் மாண்டனர். அந்த இடிபாட்டைக் கதாநாயகனின் ஞானோதயத்துக்கு மேடையாக்கினார்களே, பிழை அதுவல்லவா? நேரத்தைத் திருத்த வந்தவர்கள் அந்த நால்வரையும் எண்ணிப் பார்த்தார்களா?

நாடகத்தின் உயிர் லெஸ்டர் கிரைம்ஸ் என்ற கற்பனைப் பாத்திரம், கறுப்பினப் பாடகன். ப்ளூஸ் பாட வந்தவனை வேறு பெயரில், விலைபோகும் பாட்டுகளைப் பாட வைத்தார்கள். அவனுடைய முகாமையாளனே தன் முன்னேற்றத்துக்காக அவனைக் கைவிட்டான். குண்டர்கள் அவன் குரல்வளையைச் சிதைத்தார்கள். அந்த முகாமையாளன்தான் பின்னர் இசைத்தட்டுக் கம்பனி முதலாளி. நாடகத்தின் நாயகனும் அவனே!

நாடகமோ லெஸ்டரை ஓரத்தில் நிறுத்திவிட்டுக் கொலைக்கும் கொக்கெயினுக்கும் பின்னால் ஓடியது. கண்டிக்க வேண்டிய இடம் இது.

பொய்முடிக்குப் புள்ளி குறைப்பது எளிது. பாட்டால் முதலாளி மாளிகை கட்டினானே, பாடியவனுக்கு என்ன கிடைத்தது என்று கேட்பதுதான் விமர்சனம்.