அம்பாசிடரா, மாருதி 800-ஆ?

வார்டு ரவுண்ட்ஸ் முடிச்சு டீ குடிக்கும்போது ஆம்புலன்ஸ் ஓட்டுற அண்ணன் கேட்டார்: "சார், மச்சான் பழைய கார் வாங்கணுங்கிறான். அம்பாசிடர்தானே சேஃப்? இரும்புல்ல!"

அந்த 'இரும்பு'க்காகத்தான் இந்த த்ரெட்.

மாருதி 800: 796 சிசி, 3 சிலிண்டர், எடை சுமார் 650 கிலோ. பழைய அம்பாசிடர்: 1489 சிசி, எடை 1,100 கிலோவுக்கு மேல். 1990-களில் 1.8 லிட்டர் இசுசு இன்ஜின் வந்த பிறகுதான் அதுக்கு உயிரே வந்துச்சு. மைலேஜ், பார்க்கிங், ஓட்டுற சுகம் எல்லாத்துலயும் என் ஓட்டு மாருதிக்கு. பின்சீட்டுல கால் நீட்ட மட்டும் அம்பாசிடர்.

ஆனா சேஃப்டி? ரெண்டும் நேருக்கு நேர் மோதினா எடை குறைஞ்ச மாருதிக்குத்தான் அடி அதிகம். உண்மை.

அதே அம்பாசிடர் புளியமரத்துல மோதினா? பானட் நசுங்கலையேன்னு சந்தோஷப்படாதீங்க. வண்டி நசுங்கி வாங்காத அடி, உள்ள இருக்கிறவர் நெஞ்சுல இறங்கும். வண்டிக்குச் சின்ன சொட்டை. ஆளுக்கு ஸ்டீயரிங் இடிச்சு விலா எலும்பு முறிஞ்சு, நுரையீரலைச் சுத்தி ரத்தம். கேஷுவால்ட்டியில பார்த்திருக்கேன்.

ரெண்டுலயும் ஏர்பேக் கிடையாது. ரொம்பப் பழைய வண்டின்னா பெல்ட்டே இருக்காது.

அண்ணன்கிட்ட சொன்னது இதுதான்: எதை வாங்கினாலும் முதல் செலவு தோளோட சேர்ந்த சீட் பெல்ட்டுக்கும் பிரேக்குக்கும். பெயின்ட் அப்புறம்.

மச்சான் அம்பாசிடரே வாங்கிட்டாராம். பெல்ட் மாட்டியாச்சான்னு தினமும் கேட்டுட்டு இருக்கேன். "அடுத்த வாரம் சார்"ங்கிறார்.