வழிச்செலவு யாருடையது?

பத்மநாபபுரம் அரண்மனைக்கு ஒரு விசித்திரம் உண்டு. 1956 நவம்பர் 1 முதல் அது நிற்கும் மண் தமிழகம். அதைப் பராமரிப்பதோ கேரளத் தொல்லியல் துறை. இருப்பது ஓரிடம், பேணுவது வேறிடம். பேணுகிறவர்கள் வந்துபோவதும் பராமரிப்பின் ஒரு பகுதிதான் என்பதில் இங்கே யாருக்கும் ஐயம் எழுந்ததில்லை. பெற்றோர் பிரிந்துவிட்ட குழந்தைகளின் விஷயத்தில் மட்டும் இந்தத் தெளிவு நமக்கு இல்லை.

என்னிடம் பயின்ற மாணவி ஒருத்தி ஒருநாள் சொன்னாள்: "பணம் ஒரு மாசம்கூட முடங்கல்ல சார். ஆனா அப்பா வரல்ல." தந்தைக்குச் சென்னையில் தினக்கூலி வேலை. நீதிமன்றம் விதித்த 6,000 ரூபாயைத் தவறாமல் அனுப்பினார். முதலில் மாதந்தோறும் வந்தார், பிறகு ஓணத்துக்கும் பொங்கலுக்கும், பிறகு நின்றுபோயிற்று. இரணியல் வரை ரயில் கட்டணம், விடுதி வாடகை, இரண்டு நாள் கூலி இழப்பு எல்லாம் சேர்ந்தால் ஒரு பயணத்துக்கு 3,000 ரூபாய்க்குக் குறையாது. பணமா, வருகையா என்ற கேள்வியில் அவர் பணத்தைத் தேர்ந்தார். மகளோ, தன்னைப் பார்க்க அவருக்கு மனமில்லை என்றே பல ஆண்டுகள் நம்பியிருந்தாள்.

ஜீவனாம்சச் சட்டம் வளராமல் இல்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவிலிருந்த 500 ரூபாய் உச்சவரம்பு 2001ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நீங்கியது. இடைக்கால ஜீவனாம்சமும் வழக்குச் செலவும் அப்போது இடம்பெற்றன. 2024 ஜூலை 1 முதல் அதே ஏற்பாடு பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவாகத் தொடர்கிறது. 2020இல் ரஜ்னேஷ் – நேஹா வழக்கில், இரு தரப்பும் வருமானத்தையும் சொத்தையும் செலவையும் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என உச்ச நீதிமன்றம் விதித்தது. ஆனால் வழக்குக்கு ஆகும் செலவைப் பெயர் சொல்லிக் குறிக்கும் அப்பிரிவில், குழந்தையைக் காண ஆகும் செலவுக்கு ஒரு சொல் இல்லை. அது நீதிபதியின் கருணையைப் பொறுத்ததாகிவிடுகிறது.

பிரிட்டனில், குழந்தையைத் தவறாமல் பார்த்துவர ஆகும் பயணச் செலவைச் 'சிறப்புச் செலவு' எனக் காட்டி, ஜீவனாம்சத் தொகையை மாற்றி அமைக்கக் கோரலாம். அதை அப்படியே இங்கே கொண்டுவர நான் சொல்லமாட்டேன். 6,000 ரூபாயில் 1,000 குறைந்தால் குறைவது குழந்தையின் சோறும் புத்தகமும். பயணத்தைச் சாக்கிட்டுத் தொகையைக் குறைக்கும் தந்தையரும் உண்டு என்று தாய்மார் அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது.

ஆகவே வழிச்செலவைத் தனித் தலைப்பாக உத்தரவிலேயே எழுத வேண்டும் என்பதே என் கருத்து. ஜீவனாம்சத்தில் கைவைக்காமல், இருவரின் வருமான விகிதப்படி அதைப் பங்கிடலாம். குழந்தையைச் சந்திப்பிடத்துக்கு அழைத்துவரும் தாய் இழக்கும் கூலியும் பேருந்துக் கட்டணமும் அதே கணக்கில் சேரவேண்டும். இருவருக்கும் இயலாதபோது சந்திப்புகளைக் குறைத்து, விடுமுறையில் சில நாட்களைக் கூட்டித் தரலாம். காணொளிப் பேச்சு இடைவெளியை நிரப்பட்டும். வருகைக்கு மாற்றாகிவிட வேண்டாம்.

நமக்குக் கிழக்கே, நாஞ்சில் நாட்டில், ஒருகாலத்தில் தந்தையின் சொத்து மருமக்களுக்குப் போயிற்று. மனைவி மக்களுக்கு எஞ்சியது 'உகந்துடைமை' என்னும் சிறு பங்கு. கவிமணி ஐந்தாம் மனைவி ஒருத்தியின் வாய்மொழியாக 'மருமக்கள்வழி மான்மியம்' எழுதினார். 1926இல் திருவிதாங்கூரில் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்தது. தந்தையிடம் பிள்ளைக்குப் பங்கு உண்டு என்பதை ஏற்கவே நமக்கு அவ்வளவு காலம் பிடித்தது. தந்தையும் தாயுமே அந்தப் பங்கில் அடக்கம் என்பதை ஏற்க இன்னும் எவ்வளவு காலம் வேண்டும்?