மேடை என்றால் நடுக்கம் ஏன்?

நல்லூர்ப் பக்கத்துப் பனியன் கம்பெனித் தோழர்கள் கூட்டமென்றால் வருகிறார்கள், கேட்கிறார்கள், கை தட்டுகிறார்கள். "நீங்களும் இரண்டு வார்த்தை பேசுங்கள்" என்றால் மாத்திரம் தலையைக் குனிந்து கொள்ளுகிறார்கள். அதே தோழர், பீஸ் ரேட்டில் பத்துப் பைசா குறைந்தால் கான்டிராக்டரிடம் பேசுகிற பேச்சைக் கேட்டவர்கள், இவருக்கா பேச வராது என்பார்கள்!

ஆகவே, பேச்சு வராதது சங்கதியல்ல, பயந்தான் சங்கதி. பேச்சு என்பது சரஸ்வதி சிலருடைய நாவில் எழுதிவைத்த வரம் என்று புராணக்காரர்கள் சொல்லி வைத்தார்கள். எழுதப்படாதவன் வாய்மூடிக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியது என்பதே அதன் உட்கருத்து. கைமடியாகச் சேர்ந்த பெண், வெட்டுத்துணியில் கோணலும் மாணலுமாகத் தைத்துத் தைத்துத்தான் டெய்லராகிறாள். அவள் கையில் எந்தத் தேவி எழுதினாள்?

பெரியார் ஈ.வெ.ரா. பள்ளிக்கூடத்தில் இருந்தது சில வருஷங்களே. அவர் பேசியது வீட்டிலும் சந்தையிலும் பேசுகிற பேச்சு. பண்டிதர்கள் முகஞ் சுளித்தார்கள். ஜனங்கள் மணிக்கணக்காக உட்கார்ந்து கேட்டார்கள். சந்தேகங்களைச் சீட்டில் எழுதிக் கொடுக்கச் சொல்லி மேடையிலேயே பதில் சொன்னார். 1973 டிசம்பர் 19ந் தேதி சென்னை தியாகராய நகரில், 94வது வயதில், நோவு தாங்காமல் இடையிடையே முனகிக்கொண்டே கடைசிப் பிரசங்கத்தைச் செய்தார். பெண்களுக்கு மேடை ஏதென்று கேட்ட நாட்டில், 1938 நவம்பர் 13ந் தேதி சென்னையில் கூடிய பெண்கள் மாநாட்டுக்கு நீலாம்பிகை அம்மையார் தலைமை வகித்தார்.

நிற்க, புதிதாகப் பேச வருகிறவர்களுக்கு நாம் சொல்லுவது: "அவர்களே, அவர்களே" என்று பத்து நிமிஷம் அடுக்குவதை விட்டொழியுங்கள். நாக்கு உலர்வதே அதில்தான். உங்களுக்கு நேரில் தெரிந்த ஒரே விஷயத்தை, உங்கள் சம்பளச் சீட்டையோ வீதிச் சாக்கடையையோ, எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் துண்டுக் காகிதத்தில் எழுதி வையுங்கள். முழுவதையும் மனப்பாடம் செய்தால் ஒரு சொல் தப்பியதும் எல்லாம் போயிற்று. கடைசி வரிசையில் ஒரு தோழரைப் பார்த்து அவருக்குச் சொல்லுவதுபோல் சொல்லுங்கள். கை நடுங்கினால் நடுங்கட்டும், கூட்டத்துக்கு அது தெரிவதில்லை. மறந்துவிட்டால் நின்று யோசியுங்கள். தெரியாததைக் கேட்டால் தெரியாதென்று சொல்லுங்கள். அதற்காக எவரும் கல்லெறிய மாட்டார்கள்.

இது வெறும் மேடை ஆசையல்ல. திருப்பூரில் 1984ல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் செய்தவர்கள் மெஷினில் நின்ற ஜனங்கள்தான். கூலிப் பேச்சில் நீங்கள் வாய் திறக்காவிட்டால் உங்களுக்காக வேறொருவர் பேசி, வேறொரு கணக்கில் கையெழுத்தும் போட்டு விடுவார்.

கூட்டம் கூட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மாலை மரியாதைக்குப் போகிற அரை மணியில் பத்து நிமிஷத்தைக் குறைத்து, தலைவர்கள் பேசுமுன் ஒரு செக்கிங் பெண்ணையும் ஒரு கைமடிப் பையனையும் பேசவிடுங்கள். தலைவர்கள் கீழே உட்கார்ந்து கேட்கட்டும்.