பிள்ளையின் வாயை முகருமுன்

பள்ளி ஆண்டு விழாவுக்கும், பன்னிரண்டாம் வகுப்பாரின் பிரிவுபசார விழாவுக்கும் வருகின்ற மாணவர்களை வாசலிலேயே நிறுத்தி, மூச்சுச் சோதனைக் கருவியை நீட்டி, ஊதச் சொல்லி, மது அருந்தவில்லை என்று உறுதியான பின்னரே உள்ளே விட வேண்டும் என்னும் யோசனை பெற்றோர் கூடுமிடங்களில் அடிக்கடி காதில் விழுகிறது. திரைப்பாட்டும் ஆட்டமும் இல்லாத பள்ளி விழா இன்று இல்லை. ஆட்டம் இருக்குமிடத்தில் குடியும் நுழையும் என்பது இவர்களின் அச்சம். திருவண்ணாமலை போன்ற ஒரு திருத்தல நகரில் இந்த அச்சம் இன்னும் கூர்மையாகப் பேசப்படுவதில் வியப்பில்லை. நமக்கு வியப்பளிப்பது வேறு. நம் மஹல்லாப் பெரியவர்களிலும் சிலர், "மது ஹராம்தானே? சோதித்தால் நமக்கென்ன நட்டம்?" என்று இதற்குத் தலையசைக்கிறார்கள். இந்தக் கட்டுரை முதன்மையாக அவர்களுக்கே எழுதப்படுகிறது.

மது ஹராம் என்பதில் நமக்குள் பேச்சில்லை. ஆனால் மதுவைத் தடுத்த அதே மார்க்கம், பிறர் குற்றத்தைத் துருவித் தேடுவதையும் தடுத்திருக்கிறது. 'ஹுஜுராத்' அத்தியாயத்தின் பன்னிரண்டாம் வசனம் வீண் சந்தேகத்தையும் உளவு பார்த்தலையும் புறம்பேசுதலையும் ஒரே மூச்சில் விலக்குகிறது. ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றொன்றை விட்டுவிட நமக்கு யார் உரிமை தந்தார்கள்?

மதீனாவின் இரவொன்றில் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஒரு வீட்டுச் சுவரேறி, உள்ளே மதுவோடு இருந்தவனைக் கண்டு கடிந்துகொண்ட செய்தியை நாம் அறிவோம். அம்மனிதன் அஞ்சி ஒடுங்கவில்லை. தான் செய்தது ஒரு பாவமென்றும், கலீஃபாவோ மூன்று செய்துவிட்டார் என்றும் எண்ணிக் காட்டினான்: துருவிப் பார்த்தது, வாசல் வழியே வராதது, ஸலாமும் அனுமதியும் இன்றி நுழைந்தது. உமர் (ரலி) அவர்கள் அவனை விட்டுவிட்டுத் திரும்பினார்கள். இதனைத் தம் இஹ்யாவில் எடுத்துரைக்கும் இமாம் கஸ்ஸாலி அவர்கள், நன்மையை ஏவித் தீமையைத் தடுப்போர்க்கான ஒழுங்குகளைக் கூறும் பகுதியில் இன்னும் ஒரு படி மேலே செல்கிறார்கள். பிறர் வீட்டில் ஒட்டுக் கேட்பதும், மது வாடை வருகிறதா என்று மூக்கை உறிஞ்சி முகர்வதும், ஆடைக்குள் மறைத்திருப்பது என்னவென்று தடவிப் பார்ப்பதும் கூடாதவை என்பது அவர்களின் தீர்ப்பு. 1111இல் மறைந்த அந்த மேதை மூச்சுச் சோதனைக் கருவியைக் கண்டதில்லை. ஆயினும் அக்கருவி செய்வது முகர்வதன்றி வேறென்ன?

எதிர்ப்புறச் செய்தியையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஹிம்ஸ் நகரில் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் குர்ஆன் ஓதியபோது குறுக்கிட்டுத் தர்க்கித்த ஒருவனிடம் மது வாடை வீசக் கண்டு தண்டனை அளித்த செய்தி புகாரியில் உள்ளது. மாலிக்கி மத்ஹபினர் இதனை ஆதாரமாகக் கொண்டு, வாடை சாட்சியத்தால் உறுதியானால் அதுவே போதுமென்றார்கள். ஹனஃபி, ஷாஃபிஈ இமாம்களோ வாடை மட்டும் போதாது என்றார்கள். வற்புறுத்தப்பட்டுக் குடித்திருக்கலாம், அறியாமல் குடித்திருக்கலாம், ஐயம் இருக்குமிடத்தில் தண்டனை விலகும் என்பது அவர்களின் வாதம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஹிம்ஸில் வாடை தானாக வந்து மூக்கில் ஏறியது. தெருவில் போவோரையெல்லாம் வரிசையில் நிறுத்தி முகரவில்லை. அதே இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள், தாடியில் மது சொட்டுவதாகச் சொல்லி வேறொருவனைக் கொண்டுவந்தபோது, துருவுவது நமக்கு விலக்கப்பட்டது, வெளிப்படையாகத் தெரிந்தால் மட்டுமே நாம் பிடிப்போம் என்ற கருத்தில் விடையளித்ததாக அபூதாவூதில் வருகிறது. வெளிப்பட்டதற்கும் தோண்டி எடுத்ததற்கும் உள்ள இந்த வேறுபாடே முழு வழக்கின் உயிர்.

நம் நாட்டு நீதிமன்றமும் இவ்வழியிலிருந்து வெகுதூரம் விலகியதில்லை. 1971இல் ஒரு விபத்து வழக்கில், ஓட்டுநரிடம் மது வாடை வீசியதையும் நடை தடுமாறியதையும் மட்டும் கொண்டு அவர் போதையில் இருந்தாரென முடிவு செய்ய உச்சநீதிமன்றம் மறுத்தது. மூச்சுக் கருவிக்குச் சட்டம் இடம் தந்திருப்பது சாலையில். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவில், 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் என்ற அளவோடு. வண்டியோட்டுபவன் பிறர் உயிரைக் கையில் பிடித்திருக்கிறான். பள்ளி மேடையில் ஆட வந்த பதினாறு வயதுப் பெண் எதைப் பிடித்திருக்கிறாள்? 2017 ஆகஸ்டு 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமித்து, அந்தரங்கம் அடிப்படை உரிமையென்று தீர்ப்பளித்தார்கள். பதினெட்டு வயது நிரம்பியோர்க்கு மட்டும் என்று அதில் வரம்பில்லை.

கருவி பொய் சொல்லாது என்பார்கள். சொல்லும். சாராயம் கலந்த வாய்கொப்பளிக்கும் மருந்தும், சில இருமல் மருந்துகளும், ஹோமியோபதிச் சொட்டுகளும் வாயில் தங்கியிருக்கும் சில நிமிடங்களுக்குக் கருவியை ஏமாற்ற வல்லவை. அதனால்தான் கால் மணி நேரம் காத்திருந்து மீண்டும் ஊதச் செய்வது முறை. அறுநூறு பிள்ளைகள் நெருக்கியடித்து நிற்கும் வாசலில் அந்தக் கால் மணி நேரத்தை யார் தரப்போகிறார்? ஒதுக்கி நிறுத்தப்பட்ட பிள்ளையை ஊரே பார்த்துவிடும். இரண்டாம் முறை கருவி அவளைக் குற்றமற்றவள் என்றாலும், முதல் முறையைத்தான் தெரு நினைவில் வைத்திருக்கும். 2022 மார்ச்சில் செங்கல்பட்டு மாவட்டத்தில் சீருடையணிந்த மாணவ மாணவியர் ஓடும் பேருந்தில் மது அருந்திய காட்சி கைப்பேசிக்குக் கைப்பேசி தாவியதை நாடறியும். குழந்தைகளின் அடையாளத்தை வெளியிடலாகாது என்று 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 74ஆம் பிரிவில் சொல்கிறது. பரப்பியவர்களில் எத்தனை பேர் அதை நினைத்தார்கள்?

அமெரிக்காவில் பள்ளியே நடன விழா நடத்தும். பல ஊர்களில் வாசலில் மூச்சுக் கருவியும் உண்டு. அங்கு இது எப்படி வளர்ந்தது என்று பார்ப்பது பயனுடையது. 1985இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம், ஒரு மாணவியின் பையைச் சோதிக்க நியாயமான சந்தேகம் போதுமென்றது. 1995இல் விளையாட்டு வீரர்களைச் சந்தேகமே இல்லாமல் போதைச் சோதனைக்கு உட்படுத்தலாம் என்றது. 2002இல் பாடகர் குழுவில் இருப்பவரையும் அவ்வாறே சோதிக்கலாம் என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பாயிற்று. 2009இல் அதே நீதிமன்றத்தின் முன் வந்த வழக்கு, வலி மாத்திரையைத் தேடிப் பதின்மூன்று வயதுச் சிறுமியின் ஆடை களையப்பட்டது பற்றியது. அப்போதுதான் நீதிபதிகள் "இது அதிகம்" என்று விழித்துக்கொண்டார்கள். பையில் கைவைத்தது ஆடைவரை வந்து சேர இருபத்து நான்கு ஆண்டுகளே தேவைப்பட்டன.

இனி, நம் பெரியவர்கள் மறந்துவிட்ட ஒரு ஹதீதுக்கு வருவோம். மதுவின் பொருட்டுப் பத்துப் பேர் சபிக்கப்பட்டதாகத் திர்மிதீயிலும் இப்னு மாஜாவிலும் வருகிறது. பிழிபவன், பிழியச் செய்பவன், சுமப்பவன், ஊற்றுபவன், விற்பவன், வாங்குபவன், அதன் விலையை உண்பவன் என்று நீளும் அப்பட்டியலில் குடிப்பவன் ஒருவனே. பள்ளி வாசலில் நீட்டப்படும் கருவி அந்தப் பத்தில் ஒருவனை, அதிலும் ஆக இளையவனை மட்டும் பிடிக்கும். விற்பவர் யார்? 1937இல் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கி, 1948இல் மாகாணம் முழுவதும் விரித்த இம்மண்ணில், 1971இல் அது தளர்ந்து, 1974இல் மீண்டு, 1981இல் மறுபடி தளர்ந்து, 1983இல் டாஸ்மாக் பிறந்து, 2003 நவம்பரில் சில்லறைக் கடையும் அரசின் கைக்கே வந்தது. 2025இல் கடைகள் ஏறத்தாழ 4,800 இருந்தன. 2023–24ஆம் ஆண்டில் வந்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கும் மேல். விலையை உண்பவர் யார் என்று நாம் விளக்க வேண்டுமா? அந்தப் பணத்தில் கட்டிய வகுப்பறையில் நிறுத்திப் பிள்ளையை ஊதச் சொல்வது எந்த நீதி?

இருபத்தொரு வயதுக்குக் கீழ் உள்ளவர்க்கு விற்கலாகாது என்பது விதி. குழந்தைக்கு மது கொடுப்பவர்க்கு ஏழாண்டு வரை கடுங்காவல் என்கிறது இளைஞர் நீதிச் சட்டம். நகராட்சி, மாநகராட்சி எல்லைக்குள் பள்ளிக்கும் கடைக்கும் இடையே இருக்க வேண்டிய தூரமோ வெறும் 50 மீட்டர். பிற இடங்களில் 100. கார்த்திகைத் தீபத்தின்போது ஆட்சியரின் ஓர் ஆணையால் அண்ணாமலை நகரின் மதுக்கடைகள் அடைபடுவதை ஆண்டுதோறும் காண்கிறோம். அண்டை வீட்டாரின் திருநாளுக்கு அந்த மதிப்பு கிடைப்பதில் நமக்கு மகிழ்ச்சியே. அடைக்க முடியும் என்பதற்கு அதுவே சான்றுமாகிறது. பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதைக்குக் கிட்டுவது பள்ளிக்கூடத் தெருவுக்குக் கிட்டாதா?

வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் தந்தார். ஒற்றாடலுக்கும் ஓர் அதிகாரம் தந்தார். ஒற்றாடலை அரசனுக்கு வகுத்தாரேயன்றி ஆசிரியனுக்கு அன்று. அதற்கு முந்திய அதிகாரம் கண்ணோட்டம் என்பதும் நோக்கத்தக்கது.

"அப்படியானால் குடித்து வரும் பிள்ளையைக் கண்டுகொள்ளாமல் விடுவதா?" என்று கேட்பார்கள். யார் சொன்னது? தள்ளாடி வருகிறவன் வெளிப்பட்டவன். அவனைத் தனியறைக்கு அழைத்துச் சென்று, மருத்துவரைக் கூப்பிட்டு, தாய் தந்தையரிடம் ஒப்படைப்பது ஆசிரியரின் கடமை. ஊர்முன் நிறுத்துவது கடமையன்று. மது அருந்தித் தண்டனை பெற்ற ஒருவரைத் தோழர்கள் சபித்தபோது, சகோதரனுக்கு எதிராக ஷைத்தானுக்குத் துணைபோக வேண்டாமென அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் குடிப்பதில்லை என்னும் எண்ணத்தில் தலையசைப்போர் இதைச் சற்று நினைக்கட்டும். நம் பிள்ளைகளிலும் குடிப்பவர் உண்டு. ஜமாஅத்தின் பஞ்சாயத்துகளில் அமர்ந்தவர்க்கு அது தெரியாததன்று.

கருவி வாங்கப் பணம் திரட்ட முன்வருவோரிடம் நாம் ஒன்று கேட்கிறோம். அந்த முயற்சியை ஒரு மனுவாக மாற்றுங்கள். பள்ளி செல்லும் வழிகளில் உள்ள கடைகளை அகற்றவும், விற்பனைச் சாளரத்தில் வயதுச் சான்று கேட்கப்படுகிறதா என்று சோதிக்கவும் ஆட்சியரைக் கோருங்கள். எல்லாச் சமயத்துப் பெற்றோரும் ஒப்பமிடத்தக்க மனு அது. வாசலில் கருவி வைக்கத் துடிப்பவர்களில் எத்தனை பேர் ஒப்பமிட வருகிறார்கள் என்று பார்ப்போம்.